குற்றவியல் சட்டச் சொற்களின் பொருள் எல்லை: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ஆங்கிலக் குற்றவியல் சட்டச் சொற்களைத் தமிழில் பெயர்க்கும் முயற்சி ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உடையது. 1860ஆம் ஆண்டின் 45ஆம் சட்டமாக இயற்றப்பெற்று, 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 2024 சூன் இறுதிவரை நாட்டின் பொதுக் குற்றவியல் சட்டமாக விளங்கியது. 2024 சூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா அதன் இடத்தைப் பெற்றுள்ளது. பிரிவு எண்கள் மாறின. புதிய குற்றங்கள் சில சேர்ந்தன. ஆயினும் திருட்டு, கொள்ளை, கொலை முதலிய அடிப்படைக் குற்றங்களின் வரையறைகள் பெரும்பாலும் பழைய வடிவிலேயே தொடர்கின்றன.

இச்சொற்களைப் பெயர்ப்போர் பொதுவாக மேற்கொள்ளும் முறை ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக ஒரு தமிழ்ச் சொல்லை வைப்பதாகும். அகராதிக்கு அது போதும், சட்டத்திற்குப் போதாது. சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் அதன் அண்டைச் சொற்களால் வரையறுக்கப்படுகிறது. 'ராபரி' என்பது இன்னதென்று அறிய 'தெஃப்ட்' எங்கே முடிகிறது என்பதும் 'டெகாய்ட்டி' எங்கே தொடங்குகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெயர்ப்பில் இவ்வெல்லைகள் அழிந்தால் தண்டனையின் அளவும் தற்காப்புரிமையின் அளவும் அவற்றோடு சேர்ந்து மங்கிவிடுகின்றன. இக்கருத்தை, தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே வழக்கில் சந்திக்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களத்தின் இயல்பு

சித்தூர் நெடுங்காலம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்பிரலில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்பெற்றது. 1953 அக்டோபரில் அது ஆந்திர மாநிலத்துடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. 2022 ஏப்பிரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மாறினும் நகரி, குப்பம் முதலிய இடங்களில் தமிழ் பேசுவோர் தொடர்ந்து வாழ்கின்றனர். திருமலைக்கு வரும் தமிழக அடியவர்களும், சேசாசலக் காடுகளுக்கு மரம் வெட்ட அழைத்துவரப்படும் தமிழகக் கூலித் தொழிலாளரும் இவ்வட்டாரக் காவல் நிலையங்களோடும் நீதிமன்றங்களோடும் தொடர்புகொள்ள நேர்கிறது.

இத்தகைய வழக்கு ஒன்றில் மூன்று மொழிகள் செயற்படுகின்றன. சட்டத்தின் மூலம் ஆங்கிலம். காவல் நிலையத்தின் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் தெலுங்கு. குற்றம் சாட்டப்பட்டவரின் மொழி தமிழ். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதனைத் திறந்த நீதிமன்றத்தில் பெயர்த்துரைக்க வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு. இன்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு. சட்டம் பெயர்ப்பாளரை வேண்டுகிறது. அவர் கையில் உள்ள சொற்கள் எத்தகையவை என்பதே இங்கு எழும் வினா.

3. ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்கள்

தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. வடமொழியிலிருந்தும் பாரசீக, அரபு மொழிகளிலிருந்தும் இரண்டும் கடன் பெற்றவை. ஆதலால் ஒரே ஒலி வடிவம் இரு மொழியிலும் வழங்குவது இயல்பு. பொருள் ஒத்துவரும் இடங்களில் இவ்வொற்றுமை பெயர்ப்பாளருக்குத் துணையாகிறது. தமிழின் 'தீர்ப்பு' தெலுங்கில் 'தீர்பு'. தமிழின் 'சாட்சி' தெலுங்கில் 'சாக்ஷி'. தமிழின் 'பிராது', தெலுங்கின் 'ஃபிர்யாது' இரண்டும் ஒரே பாரசீகச் சொல்லிலிருந்து வந்து முறையீட்டையே குறிக்கின்றன.

பொருள் விலகும் இடங்களில் அதே ஒற்றுமை இடராகிறது. முதன்மையான சில வருமாறு:

அ. தெலுங்கில் 'நேரம்' என்பது குற்றம். தமிழில் அது காலம். 'நேரம் ஒப்புகுண்டாவா' என்னும் தெலுங்கு வினாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்பது அதன் பொருள். தெலுங்கறியாத தமிழருக்கு இரு சொற்களும் பழகிய ஒலியுடையன. ஒப்புதல் கேட்கப்படுகிறது என்பது விளங்கும். எதனை ஒப்புவது என்பது விளங்காது. முற்றிலும் அறியாத சொல்லைக் கேட்பவர் பொருள் வினவுவார். அறிந்ததுபோல் தோன்றும் சொல்லைக் கேட்பவர் தலையசைத்துவிடக்கூடும்.

ஆ. 'அபராதம்' தமிழில் தண்டத் தொகை. தெலுங்கின் 'அபராதம்' வடமொழிப் பொருளையே போற்றிக் குற்றத்தை, பிழையை உணர்த்துகிறது. குற்றம் உறுதியாயிற்று என்னும் செய்தியைப் பணம் செலுத்தினால் தீரும் செய்தியாகத் தமிழர் கொள்ள இடமுண்டு.

இ. 'கைது' என்னும் அரபுச் சொல் சிறைப்படுத்தலைக் குறிப்பது. தெலுங்கில் இப்பொருளே நிலைத்தது. ஆயுள் தண்டனை அங்கு 'ஜீவித கைது' எனப்படும். தமிழிலோ 'கைது' பிடித்தலோடு நின்றுவிட்டது. பிடிக்கப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என அரசமைப்பின் 22ஆம் உறுப்பு கூறுவது இந்நிலை பற்றியே. வியப்பாக, அதே வேரினின்று வந்த 'கைதி' தமிழில் சிறையிலிருப்பவரைச் சுட்டுகிறது. தமிழுக்குள்ளேயே வினைப்பெயரும் ஆட்பெயரும் ஒன்றையொன்று விலகி நிற்பதால் 'விசாரணைக் கைதி', 'தண்டனைக் கைதி' என அடைகொடுத்து வேறுபடுத்த வேண்டியதாயிற்று.

ஈ. குற்றம் சாட்டப்பட்டவரைத் தெலுங்கு 'முத்தாயி' என்னும். உருதுவில் இச்சொல் வழக்குத் தொடுப்பவரைக் குறிக்கும். மொழி எல்லையைக் கடக்கையில் சொல் வழக்கின் ஒரு தரப்பிலிருந்து மறு தரப்புக்கே சென்றுவிட்டது. தமிழ்நாட்டு நீதிமன்ற வழக்கில் அதே ஆளை 'எதிரி' என்பர். எதிர்வழக்காடுபவர் என்னும் பொருளில் அது பழுதற்றது. பொதுவழக்கில் பகைவன் என்னும் பொருளே முந்துவதால், குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே பகைமையை ஏற்றிவிடுகிறது.

உ. காவல்துறையின் புலனாய்வைத் தெலுங்கு 'தர்யாப்து' என்றும், நீதிமன்ற நடவடிக்கையை 'விசாரண' என்றும் பிரிக்கிறது. தமிழில் 'விசாரணை' இரண்டையும் தழுவும். காவல் நிலையத்தில் நடப்பதும் விசாரணை. நீதிபதி முன் நடப்பதும் விசாரணை. நடைமுறைச் சட்டம் புலனாய்வு, விசாரணை, வழக்கு விசாரணை என மூன்றாகப் பிரித்துள்ள நிலையில் 'புலன் விசாரணை' என்னும் தொடர் காவல்துறையின் பகுதியை ஓரளவு விலக்கிக் காட்டுகிறது. இவ்விடத்தில் தெலுங்கின் பிரிப்பே தெளிவானது என்பதைத் தமிழ்ப் பெயர்ப்பாளர் ஒப்புக்கொள்ளலாம்.

4. திருட்டிலிருந்து கூட்டுக்கொள்ளை வரை

மேற்கண்டவை கேட்போரைத் தடுமாறச் செய்வன. சட்டத்தின் உள்ளமைப்பையே குலைக்கும் பெயர்ப்புகள் வேறு உள்ளன. உடைமைக்கு எதிரான குற்றங்களின் வரிசை இதற்குத் தக்க சான்று.

தண்டனைச் சட்டம் இக்குற்றங்களைப் படிகளாக அமைத்தது. ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்துடன் அகற்றுவது 'தெஃப்ட்' (பிரிவு 378). அச்சுறுத்தி, உடைமையை அவரே ஒப்படைக்கும்படி செய்வது 'எக்ஸ்டார்ஷன்' (383). இவ்விரண்டில் ஒன்றுடன், சாவோ காயமோ தடுத்துவைத்தலோ, அவை உடனே நிகழும் என்ற அச்சமோ சேர்ந்தால் 'ராபரி' (390). ராபரியை ஐவரோ ஐவருக்கு மேற்பட்டோரோ கூடிச் செய்தால் 'டெகாய்ட்டி' (391). இறுதிச் சொல் இந்தி வழக்கிலிருந்து ஆங்கிலம் ஏற்றது. புதிய சட்டத்தில் இவை முறையே 303, 308, 309, 310 ஆகிய பிரிவுகளில் உள்ளன.

திருட்டுக்கு 379ஆம் பிரிவின்கீழ் உச்ச அளவு 3 ஆண்டுச் சிறை. ராபரிக்குப் 10 ஆண்டு. சூரியன் மறைவுக்கும் எழுச்சிக்கும் இடையே நெடுஞ்சாலையில் நிகழ்ந்தால் 14 ஆண்டு. டெகாய்ட்டிக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

தமிழ் வழக்கில் 'திருட்டு' முதற்படியைச் சரியாகவே குறிக்கிறது. அதற்கு மேல் குழப்பம் தொடங்குகிறது. 'கொள்ளை' என்பது நாளிதழ் வழக்கில், ஆளில்லாத வீட்டில் பெருந்தொகை களவு போவதையும் குறிக்கும். அங்கு வன்முறையுமில்லை, அச்சுறுத்தலுமில்லை. சட்டப்படி அது வீடு புகுந்து திருடுதல். காவல்துறை அதற்குக் 'கன்னக்களவு' என்னும் பழஞ்சொல்லை வைத்துள்ளது. நாளிதழ் 'கொள்ளை' என்பதைத் தொகையின் அளவால் தீர்மானிக்கிறது. சட்டம் 'ராபரி' என்பதை வன்முறையால் தீர்மானிக்கிறது. தெலுங்கின் 'தொங்கதனம்', 'தோபிடி', 'பந்திபோட்டு' என்னும் மூன்றும் படிகளை ஓரளவு தனித்தனியே காட்டுகின்றன. ஆயினும் 'தோபிடி' உழைப்புச் சுரண்டலையும் குறிப்பதால் அரசியல் மேடைக்கும் சென்றுவிட்டது.

'பறி' என்னும் வினையடி மற்றொரு சிக்கலாகும். 'மிரட்டிப் பணம் பறித்தல்' எக்ஸ்டார்ஷன், 'வழிப்பறி' ராபரி. புதிய சட்டம் 304ஆம் பிரிவில், திடீரெனவோ விரைவாகவோ வலிந்தோ பிடுங்கிச் செய்யும் திருட்டை 'ஸ்னாட்சிங்' எனத் தனிக் குற்றமாக்கி 3 ஆண்டு வரை சிறை விதித்துள்ளது. 'சங்கிலிப் பறிப்பு' என்னும் தமிழ் வழக்கு இதற்கு இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் பறித்தல், பறிப்பு, பறி என ஓரடிப் பிறந்த மூன்று சொற்கள் மூன்று வேறு தண்டனைகளுக்கு உரியனவாக நிற்கும்போது, பெயர்ப்பாளர் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் 3 ஆண்டு 10 ஆண்டாகிவிடும். ஸ்னாட்சிங்கிற்குப் 'பறிப்பு' என்பதை ஒதுக்கிவிட்டு, எக்ஸ்டார்ஷனுக்கு 'அச்சுறுத்திப் பெறுதல்' என்பதை வழங்குவது தகும். இத்தொடரில், உடைமைக்காரர் தாமே ஒப்படைக்கிறார் என்னும் வரையறைக் கூறும் இடம்பெறுகிறது.

5. செம்மரமும் 'கடத்தல்' என்னும் சொல்லும்

தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு தரும் முதல் எடுத்துக்காட்டு மரம் வெட்டுதல் பற்றியது. நிலத்தோடு பொருந்தியுள்ளவரை மரம் அசையும் பொருளன்று. ஆதலால் அதனைத் திருட இயலாது. எடுத்துச் செல்லும் எண்ணத்துடன் வெட்டி நிலத்திலிருந்து பிரித்த கணத்தில் திருட்டு நிறைவேறிவிடுகிறது. சேசாசலத்தில் கோடரி ஏந்தும் கூலித் தொழிலாளரின் செயல், வனச்சட்டக் குற்றங்களை ஒதுக்கிவைத்து நோக்கின், தண்டனைச் சட்டத்தில் பெறும் பெயர் திருட்டே.

ஆங்கில நாளிதழ் இதனை 'ஸ்மக்ளிங்' என்கிறது. தமிழ் நாளிதழ் 'செம்மரக் கடத்தல்' என்கிறது. 'கடத்தல்' என்பது தமிழில் மிக விரிந்த சொல். சுங்க எல்லை மீறிப் பொருள் கொணர்தல், காட்டு மரத்தை வெளியேற்றல், குழந்தையைக் கொண்டுசெல்லல், விமானத்தைத் திசைதிருப்பல் யாவும் அதில் அடங்கும். ஆள் கடத்தலிலும் சட்டம் இரண்டைப் பிரித்தது. காப்பாளரின் பொறுப்பிலிருந்து இளையோரை அகற்றும் 'கிட்னாப்பிங்' தானே குற்றம். இளையோரின் இசைவு அங்குப் பொருட்டன்று. வலிந்தோ ஏமாற்றியோ ஒருவரை இடம்பெயரச் செய்யும் 'அப்டக்ஷன்' குறித்த தீய நோக்கத்தோடு சேர்ந்தால் மட்டுமே தண்டனைக்குரியது. 'கடத்தல்' இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

செம்மரத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு, வெட்டுபவருக்கும் சுமப்பவருக்கும் ஏற்றுமதி செய்து பெரும்பயன் கொள்பவருக்கும் 'கடத்தல்காரர்' என்னும் ஒரே பெயர் கிடைப்பதாகும். தெலுங்கு 'அக்ரம ரவாணா' என்னும் தொடரால், முறையற்ற போக்குவரத்து என்னும் செயற்பகுதியையாவது சுட்டுகிறது. தமிழில் 'வெட்டுதல்', 'சுமத்தல்', 'கடத்தல்' எனச் செயலுக்கேற்ற சொல் இருந்தும் அவை தலைப்புச் செய்திகளில் பயன்படுவதில்லை.

6. சொல் எல்லையும் உயிர் எல்லையும்

2015 ஏப்பிரல் 7ஆம் நாள், அப்போதைய சித்தூர் மாவட்டத்தின் சந்திரகிரிப் பகுதியைச் சார்ந்த சேசாசலக் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழக மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. முன்னரே பிடித்துச் செல்லப்பட்டவர்கள் கொல்லப்பட்டனர் என உறவினரும் உரிமை அமைப்பினரும் குற்றஞ்சாட்டினர். நிகழ்ச்சியின் உண்மையைத் தீர்மானிப்பது இக்கட்டுரையின் பணியன்று. அதனைக் குறித்து வழங்கிய சொற்கள் சட்டத்தில் பெறும் இடமே இங்கு ஆய்வுக்குரியது.

முதலாவது 'தற்காப்பு'. சட்டம் கூறுவது 'பிரைவேட் டிஃபென்ஸ்'. அது தன் உடலோடு பிறர் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமை. 'தற்காப்பு' என்னும் பெயர்ப்பு தன்னைக் காத்தல் என்பதோடு நின்றுவிடுகிறது. இவ்வுரிமை சாவு விளைவிக்கும் அளவுக்கு விரிய வேண்டுமானால் சட்டம் நிபந்தனைகள் விதிக்கிறது. உடலைக் காக்கும்போது, சாவோ கொடுங்காயமோ நேரும் என்னும் நியாயமான அச்சம் முதலியன வேண்டும் (பிரிவு 100). உடைமையைக் காக்கும்போது, 103ஆம் பிரிவின்படி, ராபரியைத் தடுக்கச் சாவு விளைவிக்கலாம். எளிய திருட்டைத் தடுக்க விளைவிக்கலாகாது. புதிய சட்டத்தின் 41ஆம் பிரிவும் இதுவே. கைது செய்யும் அதிகாரத்திற்கும் இத்தகைய வரம்பு உண்டு. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் போக்கும் உரிமையைக் கைது செய்யும் அதிகாரம் தருவதில்லை என நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு கூறியது. திருட்டு அவ்வரம்புக்கு உட்பட்டது, டெகாய்ட்டி உட்படாதது.

ஆகவே 'தெஃப்ட்' என்பதற்கும் 'ராபரி' என்பதற்கும் இடையிலுள்ள கோடு சிறை ஆண்டுகளை மட்டும் பிரிப்பதன்று. எவர் உயிரைச் சட்டம் எந்நிலையில் காக்கிறது என்பதையும் பிரிக்கிறது. சேசாசல நிகழ்வில் காவல்துறை முன்வைத்தது உடலைக் காக்கும் உரிமை என்பது உண்மையே. ஆனால் மரம் வெட்டியவரை 'கொள்ளையர்' என்றும் 'கடத்தல் கும்பல்' என்றும் எழுதும் நடை, நீதிமன்றம் ஆராய வேண்டிய நிபந்தனைகளை வாசகர் மனத்தில் முன்கூட்டியே நிறைவேற்றிவிடுகிறது.

இரண்டாவது 'என்கவுன்ட்டர்'. தண்டனைச் சட்டத்தில் இச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் எதிர்ப்படுதல், எதிர்த்து மோதுதல் என்னும் பொருளது. தமிழ் 'மோதல்' என்றும் தெலுங்கு 'எதுருகால்புலு' என்றும் பெயர்த்தன. பின்னது எதிரெதிர்ச் சூடு எனப் பொருள்படும். இரண்டும் இரு தரப்பை வேண்டுவன. ஆனால் பேச்சுத் தமிழ் கடன் சொல்லுக்கு அளித்துள்ள தொடரமைப்பு வேறு. 'மோது' என்னும் வினை 'அவனோடு மோதினார்கள்' என உடனிகழ்ச்சிப் பொருளில் மூன்றாம் வேற்றுமையை ஏற்கும். 'என்கவுன்ட்டர்' என்பதோ 'அவனை என்கவுன்ட்டர் பண்ணிவிட்டார்கள்' என இரண்டாம் வேற்றுமையை ஏற்கிறது. செய்பவர் ஒரு தரப்பு. செயப்படுபொருள் மறு தரப்பு. எழுத்துநடை எதிர்ச்செயலாகக் காட்டுவதைப் பேச்சுநடை ஒருபுறச் செயலாக உணர்த்துகிறது. மக்கள் இச்சொல்லை எவ்வாறு புரிந்துகொண்டுள்ளனர் என்பதற்கு வேற்றுமையுருபே சான்றாக உள்ளது.

மகாராட்டிர அரசு பற்றிய மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் 2014 செப்டம்பர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம், காவல்துறை மோதலில் சாவு நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை பதிதல், தனிச்சார்பற்ற புலனாய்வு, நடுவர் விசாரணை முதலியவற்றை வகுத்தளித்தது. சேசாசல நிகழ்வுக்கு ஏறத்தாழ ஆறரைத் திங்கள் முந்தியது அத்தீர்ப்பு. 'என்கவுன்ட்டர்' என்னும் பெயர் சட்ட விடையாகாது. ஒரு மனிதச் சாவு நிகழ்ந்துள்ளது, அது குற்றமா அன்றா என ஆராய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

7. 'கொலை ஆகாத கொலை'

அவ்வாறு ஆராயும்போது எதிர்ப்படுவது 'கல்பபிள் ஹோமிசைட்', 'மர்டர்' என்னும் இணை. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் ராயவரப்பு புன்னய்யாவுக்கும் இடையிலான வழக்கில் 1976இல் உச்சநீதிமன்றம் இவ்விணையின் உறவைத் தெளிவாக்கியது. முன்னது பேரினம், பின்னது அதன் சிறப்பினம். எல்லா மர்டரும் கல்பபிள் ஹோமிசைட். அதன் மறுதலை பொருந்தாது.

தமிழ் இவ்வுறவைத் தலைகீழாக்கியது. தமிழில் 'கொலை' பேரினச் சொல். 'கொல்லாமை' விலங்குயிரையும் தழுவுவது. 'தற்கொலை' தன்னைக் கொல்வது. அப்பேரினச் சொல்லை மர்டர் என்னும் சிறப்பினத்துக்குக் கொடுத்தபின் பேரினத்துக்குச் சொல் இல்லாது போயிற்று. அதனால் 304ஆம் பிரிவுக் குற்றத்தைக் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என எதிர்மறையால் சுட்ட நேர்ந்தது. 'குற்றமுறு கொலை' என எழுதுவோர், 'கொலையாகாத குற்றமுறு கொலை' என்னும் முரண்தொடரில் போய் முடிகின்றனர். தெலுங்கும் 'ஹத்ய', 'நரஹத்ய' என ஒரே சொல்லைச் சுற்றியே இயங்குகிறது. கேட்பவருக்கு இது கொலையே அன்று என்றோ, இதுவும் கொலைதான் என்றோ தோன்றும், இரண்டும் பிழை.

பேரினத்திற்குக் 'குற்றமுடை மரணவிளைவு' என்றும், சிறப்பினத்திற்குக் 'கொலை' என்றும் வழங்கின் உறவு நேராகும். 'கொலை எல்லாம் குற்றமுடை மரணவிளைவே. குற்றமுடை மரணவிளைவு எல்லாம் கொலையன்று' என்னும் தொடரைத் தமிழில் முரணின்றிச் சொல்ல இயலும். ஒரு பெயர்ப்பு தக்கதா என்பதை அறிய இத்தகைய தொடரே அளவுகோல்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

சட்டச் சொல்லைத் தனித்துப் பெயர்த்தல் பொருந்தாது. ஒரே படிவரிசையில் நிற்கும் சொற்களை ஒருசேரப் பெயர்க்க வேண்டும். தேர்ந்த தமிழ்ச் சொல்லில், அக்குற்றத்தை அண்டைக் குற்றத்திலிருந்து பிரிக்கும் கூறு ஒன்றேனும் வெளிப்பட வேண்டும். பேரினம், சிறப்பினம் என்னும் உறவு பெயர்ப்பிலும் நிற்க வேண்டும். பழகிய சொல் என்பதற்காகக் 'கொள்ளை', 'கடத்தல்' போன்றவற்றை வரையறையின்றி ஆளுதல் தவிர்க்கத்தக்கது. மக்கள் வழக்கிலும் காவல் நிலைய வழக்கிலும் உள்ள 'கன்னக்களவு', 'பறிப்பு' போன்ற கூர்மையான சொற்கள் கலைச்சொற்களாகும் தகுதி உடையவை.

எல்லை வட்டாரங்களுக்கு ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மும்மொழிச் சொற்றொகுதி ஒன்று தேவைப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சி. பி. பிரௌன், எச். எச். வில்சன் ஆகியோர் நீதிமன்ற, வருவாய்த்துறைச் சொற்களைப் பன்மொழி நோக்கில் தொகுத்தனர். அவை ஆட்சியாளரின் தேவைக்கு எழுந்தவை. இன்று வேண்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் செவியிலிருந்து தொடங்கும் தொகுதி. 'நேரம்', 'அபராதம்', 'கைது' போன்று ஒலி ஒத்துப் பொருள் விலகும் சொற்கள் அதில் முதலிடம் பெற வேண்டும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பத்தில் 1997இல் நிறுவப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் இப்பணிக்கு இயல்பான இடமாகும்.

நடைமுறைச் சட்டத்தின் 314ஆம் பிரிவு வேண்டும் பெயர்த்துரைப்பு, சடங்காக நிகழ்ந்தாலும் சட்டப்படி நிறைவேறியதாகவே பதிவாகும். கூண்டில் நிற்பவர் தம்மீது சாட்டப்பட்டது திருட்டா கூட்டுக்கொள்ளையா, கேட்கப்படுவது குற்றமா காலமா என்பதை அறிந்து விடையிறுக்கும்போதுதான் அது பொருளால் நிறைவேறுகிறது. அதற்கான சொற்களை ஆக்கித் தருவது நீதித்துறைக்கு மொழியியலார் செய்யவேண்டிய கடமையாகும்.